இருபத்திரண்டு

சுவரொட்டிக்கு நான்கு வரி கேட்டார்
நூலகர் குன்வோர்.
"பெரிய எழுத்தில் போடுவோம், காகிதம் அகலம்தான்."

தெற்கு முனைக் கலங்கரை விளக்கிலிருந்து
நார்வேயின் வடக்கு முனை வரை
நூற்று முப்பத்தேழு நாள்
தன்னந்தனியாக
முழுக்க முழுக்க நடந்தே

எழுதி அனுப்பிவிட்டுப் படுத்தேன்.
தூக்கம் வரவில்லை.

தன்னந்தனியாகவா?
ஃபெமுண்ட் ஏரிக்கரையில் மீன்பிடிக்க வந்த இருவர்
என் காலுறைகளைத் தங்கள் அடுப்பின்மேல் காயப்போட்டார்கள்.
பெயர் கேட்க மறந்தேன்.
பூட்டில்லாத மலைக்குடில்களில்
யாரோ பிளந்து அடுக்கிய விறகைத்தான் எரித்தேன்.
பதினொரு ஊர்களுக்கு ஓட்ஸும் உலர்ந்த மீனும் அனுப்பினாள் அக்கா,
ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒரு சீட்டு:
"போதும், வீட்டுக்கு வா."

காட்டுவதற்கு நாற்பது படம் பொறுக்கியிருந்தேன்.
நாற்பதிலும் வெயில்.
பாறை விளிம்பில் கை விரித்து நிற்பது
கேமராவைக் கல்லில் வைத்துவிட்டு ஓடிப்போய் நின்ற
பதினான்காவது முயற்சி.
கரண்டி தொலைந்ததற்கு
நனைந்த பாசியில் உட்கார்ந்து அழுத நாளுக்குப்
படம் இல்லை.

அப்புறம் அந்த முழுக்க முழுக்க.
பனி உருகி ஆறு பெருகிப்
பாலம் போயிருந்தது.
கலைமான் தேடி வந்த இங்கா-மாரெத்
நாற்சக்கர மோட்டாரை நிறுத்தி
"ஏறு" என்றாள்.
ஏறினேன்.
பத்தொன்பது கிலோமீட்டர்.
வெட்கமாக இருந்தது என்று சொல்ல ஆசை.
சுகமாக இருந்தது.
நான் சுற்றுலாவாக வந்த மேட்டில்
அவள் வசந்தம்தோறும் மந்தையின் பின்னால் போகிறாள்.
அதற்கு யாரும் சுவரொட்டி ஒட்டுவதில்லை.

காலையில் குன்வோருக்கு ஃபோன்.
"அறுபது அச்சாகிவிட்டதே! விடு,
யார் கிலோமீட்டரை எண்ணப் போகிறார்கள்?"

பேனாவோடு கிளம்பினேன்.
மளிகைக்கடைக் கதவு, பெட்ரோல் பங்க், தேவாலய வேலி.
இரண்டு வரிகளை அடித்தேன், ஒவ்வொன்றிலும்.
படகுத்துறையில் ஒட்டியதைக் காற்று கொண்டுபோயிருந்தது.
அது மட்டும் இன்னும் எங்கோ
நான் தனியாக நடந்ததாகச் சொல்லிக்கொண்டிருக்கும்.

மாலை, இருபத்தாறு பேர்.
வாஃபிள், பழுப்புப் பாலாடைக்கட்டி, காபி.
மூன்றாவது வரிசையில் இங்கா-மாரெத்.
மடியில் நான் அன்று விட்டுவிட்டு வந்த
இடக்கைக் கையுறை.

விளக்கை அணைக்குமுன் சொன்னேன்:
"அடிக்காத சுவரொட்டியைப் பார்த்து வந்தவர்கள் மன்னிக்கவும்.
பத்தொன்பது கிலோமீட்டர் நான் நடக்கவில்லை."

யாரோ மெல்லுவதை நிறுத்தினார்கள்.

கையுறையை உயர்த்தினாள் அவள்.
"இருபத்திரண்டு."

கூடமே சிரித்தது, நானும்தான்.
ஆனாலும் அந்த மூன்று?
ஒப்புக்கொள்ளும்போதுகூட
கை தானாகக் கொஞ்சம் கிள்ளி வைத்துக்கொள்கிறது.

விளக்கை அணைத்தார் குன்வோர்.
முதல் படம்:
மழை. ஒன்றும் தெரியவில்லை.