ஆளுநரின் தமிழ்

கோட்டை மான்கள் விடியமுன் இறங்கிவிடும்
உவர்மலைச் சரிவில் அவர் நட்ட ரோசாக்களுக்கு.
முள்ளுக்கம்பி போட்டார், மூன்று சுற்று,
நடுச்சுற்றில் வெற்றுத் தகரங்களும் கட்டுவித்தார்.
பழைய பழக்கம்.
மான்கள் தாண்டின.

மேஜர் ஜெனரல் மடவலகம, ஓய்வு.
மாகாண ஆளுநர்.
நான் அவருடைய தமிழ்.
என் மேசை கழிவறைக்குப் பக்கத்தில்.

அவருடைய வாழ்க்கைக் குறிப்பையும் நான்தான் மாற்றினேன்:
குருநாகலுக்கு அப்பால் தென்னந்தோட்டக் கணக்குப்பிள்ளையின் மகன்,
பதினெட்டில் தியத்தலாவை, ஏழு பதக்கம்,
மனைவி கண்டியில்.
இரண்டு பக்கத்தில்
கிழக்கில் இருந்த ஆண்டுகளுக்கு அரை வரி.

வந்த கிழமையே வீதியோரக் கற்களுக்கு வெள்ளை அடிப்பித்தார்.
பிறகு மரங்களுக்கு, இடுப்பளவு.
கச்சேரி வாசலில் எழும்ப மறுத்த மாட்டுக்கும் என்று
மீன் சந்தையில் ஒரு கதை.
"சுண்ணாம்பு வருகுது" என்றால்
டச்சுக் குடாவில் கடலை வண்டிகள்
விளக்கை ஊதிவிட்டு ஓடும்.

அவர் வாயில் வினைச்சொல் எல்லாம் ஏவல்.
அகற்று. மூடு. நாற்பத்தெட்டு மணி நேரம்.
நான் தட்டச்சில்
"அகற்றி உதவுமாறு தயவுடன் கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்."
பதினான்கு மாதம் அவரை
இப்படித்தான் பணிவாக வைத்திருந்தேன்.
கிண்ணியாப் பாலத்தடியில் வலைகளை லொறியில் ஏற்றிய அன்று
சபூறுதீன் காக்கா என் கடிதத்தை வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தார்:
"இதில தயவு எங்க கிடக்கு, புள்ள?"

இடது காது அவருக்குக் கேளாது. ஷெல்.
முறைப்பாட்டோடு வருபவர்களுக்கு
கதிரை எப்போதும் இடப்பக்கம்.

ஹர்த்தால் அன்று தம்பலகாமத்துத் தயிர் வரவில்லை,
பஸ் இல்லை, பள்ளிக்கூட மணி இல்லை.
ஜீப்பில் மணிக்கூட்டுக் கோபுரத்தை இரண்டு தரம் சுற்றினார்.
"பார், எவ்வளவு ஒழுங்கு" என்றார்,
உண்மையான சந்தோசத்தோடு.

ஒருநாள், சுவர் வரைபடத்துக்கு முன்னால்:
"உம்முடைய ஊர்?"
மூதூருக்குத் தெற்கே, சின்ன ஊர், என்றேன்.
கண்ணாடி போடாமலே விரலை வைத்தார்.
"கோயில். இரண்டு கிணறு. மேற்கே மண்மேடு."
என் ஊரை அவருக்கு என்னைவிட வடிவாகத் தெரிந்திருந்தது,
மேலிருந்து.
"வடக்குக் கிணறு நல்ல தண்ணீர். குடித்திருக்கிறேன்."
எந்த வருசம் என்று நான் கேட்கவில்லை.
அந்த வருசம் நாங்கள் கிளிவெட்டியில்,
தறப்பாளுக்குக் கீழே,
பவுசர் வருமட்டும் வாளிகளை வரிசையில் வைத்துவிட்டு
வாளிக்குப் பக்கத்தில் நித்திரை.

வெள்ளிக்கிழமை தொலைநகல் வந்தது.
கொழும்பு மூன்றே வரியில் அவரைத் திருப்பி அழைத்தது,
அதிலும் ஏவல்தான்.
எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

பிரியாவிடைக்கு நகர மண்டபத்தில் இருநூறு கதிரை.
நிரம்பியது இருபத்தொன்று,
அதில் பதினொன்று பொலிஸ்.
கடைசி வரிசையில் சபூறுதீன் காக்கா,
வலைகளைக் கேட்டுப் போக வந்தவர்.
எழுதிக் கொடுத்ததை வாசித்து முடித்தார்.
தாளை நாலாக மடித்தார். பிறகு தாளில் இல்லாத ஒரு சொல்:
"கனகாட்டுயி."

துக்கம் என்றும் எடுக்கலாம் அதை.
பாவம் என்றும்.
மன்னியுங்கள் என்றும் எடுக்கலாம், மனமிருந்தால்.
கேட்கிற காதை என் பக்கம் திருப்பி நின்றார்.
அதுவரை ஒருநாளும்
தமிழுக்காக அவர் காத்து நின்றதில்லை.

ஒலிவாங்கி காற்றைக் குடித்துக்கொண்டிருந்தது.
தயவுடன் என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது.
விழுங்கினேன்.
"ஆளுநர் கவலைப்படுகிறார்" என்றேன்.

தலையாட்டினார்,
எதையோ கையளித்துவிட்டவர் போல.

பின்னாலிருந்து சபூறுதீன் காக்கா கேட்டார்:
"எதுக்காம்?"

அவர் என்னைப் பார்த்தார்,
என்ன சொல்கிறார் என்று.
அதை நான்
சிங்களத்துக்கு மாற்றவில்லை.