ஏழு மீட்டர் ஐம்பத்திரண்டு

சென்னிமலை போகிற ரோட்டில்
சைசிங் மில்லுக்கும் புரோட்டாக் கடைக்கும் நடுவே
எங்கள் கிளை நூலகம்.
பேய்க்கதைகளின் முதுகை
மூன்று முறை பசை காய்ச்சி ஒட்டிவிட்டேன்.
அதற்கு அடுத்த அடுக்கு மட்டும்
வாங்கிய நாள் மணத்தோடு அப்படியே:
வரலாறு, விளையாட்டு, வாழ்ந்து போனவர்கள்.
தேதிச் சீட்டில் ஒரு முத்திரையும் இல்லை.
தணிக்கைக்கு வந்தவர் பாராட்டி எழுதினார்,
‘நூல்கள் நல்ல நிலையில் உள்ளன.’
கையெழுத்துப் போடக் கூசியது.

மறுவாரம் சனிக்கிழமை, மாதாந்திர மின்தடை.
தறி ஓயாத ஊரில் தறி நின்றால்
காது அடைத்துக்கொண்ட மாதிரி இருக்கும்.
வெக்கைக்கு ஒதுங்கிய பிள்ளைகள்
ஜன்னலோரம் கும்பலாக.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
ஒரு புத்தகத்தை நடுப்பக்கம் விரித்து
மேசையில் வைத்துவிட்டு
பாக்கி நோட்டைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

படத்தில் ஒருத்தி காற்றில் இருந்தாள்.
கால் இரண்டும் முன்னே, கை இரண்டும் பின்னே,
வாய் ஏதோ கத்துகிறது.
அடியில் எண்: 7.52.

“ஏனுங்கக்கா, ஏழரை மீட்டருன்னா
எத்தன தொலவுங்க?”
ஆறாம் வகுப்பு மிருதுபாஷினி.

அந்த நூலுக்கு எண் எழுதி ஒட்டியவள் நான்.
எனக்குத் தெரியவில்லை.

ஓடிப்போய் அவள் அப்பாவின்
பெட்ஷீட் அளக்கும் டேப்பைக் கொண்டுவந்தாள்.
அது ஒன்றரை மீட்டர்தான்.
அஞ்சு முறை வைத்து வைத்து எடுக்கவேண்டியதாயிற்று.
என் மேசைக்காலில் தொடங்கி
செய்தித்தாள் ஸ்டாண்டைத் தாண்டி
வேலைவாய்ப்புச் செய்தி மேல் தூங்கிக்கொண்டிருந்தவரின்
செருப்பைத் தாண்டி
வாசற்படி இறங்கி
சாக்கடைப் பலகைக்கு அந்தப் பக்கம்
ரோட்டில் போய் நின்றது.
சாக்பீஸால் ஒரு கோடு.
எல்லோரும் கோட்டையும் மேசையையும்
மாறி மாறிப் பார்த்தார்கள்.
“இத்தனையும் காத்துலயேவா?”

அன்று சாயங்காலம் வரை குதித்தார்கள்.
மிருதுபாஷினி இரண்டு மீட்டர் ஆறு.
அந்தப் பக்கத்திலேயே,
7.52-க்குக் கீழே, பென்சிலில் எழுதிவிட்டாள்.
நூலகச் சொத்து; அழிப்பது என் கடமை.
ரப்பர் கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஹரிசுதன் வாழ்க்கை வரலாறுகளில் எட்டைப் புரட்டிவிட்டு
சலிப்போடு திருப்பிக் கொடுத்தான்.
“எல்லாருமே சின்ன வயசுலயே நல்லவிகளாவே இருக்காங்க.
வீட்டுப்பாடம் எழுதாம ஒருத்தரும்
அடியே வாங்கலீங்களா?”
அன்றிரவு நான் எட்டையும் படித்தேன்.
ஒன்பதாவதில், பதினாலாம் பக்கத்தில்,
ஒரே ஒரு வரி:
கணக்கில் இரண்டு முறை தவறினார்.
அந்த இடத்தில் டவுன் பஸ் டிக்கெட்டைச் செருகி வைத்தேன்.
மாதம் முழுக்க அந்தப் புத்தகம்
அடுக்குக்குத் திரும்பவே இல்லை.

கொடுமணல் பற்றியது மெல்லிய நூல்.
கல்மணி, சூதுபவளம், இரும்பு உருக்கிய உலை,
ஓட்டில் தன் பேரைக் கீறிய எவனோ ஒருவன்.
“எங்க அத்தை ஊருங்க இது,” என்றான் ஒருவன்,
“வரலாத்துக்கெல்லாம் பஸ் போகுதுங்களா?”
ஆறு மாதமாக நான் தேடிக்கொண்டிருந்தேன்
என் மேசையில் காம்பஸால் பேர் கீறியவனை.
அன்று அதைத் துணியால் துடைத்துவிட்டு
சும்மா இருந்துவிட்டேன்.

இந்த வருடம் தணிக்கையில்
ஓரம் மடிந்தவை பதினொன்று, அட்டை போனவை மூன்று,
கொடுமணல் காணவில்லை.
நாற்பது ரூபாய் நானே கட்டினேன்.
அவர் ரசீது எழுதிக்கொண்டிருக்கும்போது
மூச்சிரைக்க வந்து நின்றாள் மிருதுபாஷினி.
நூல் லாரியைக் கோட்டு மேலேயே நிறுத்திட்டாங்களாம்,
நான் வந்து எடுக்கச் சொல்லணுமாம்.

“இல்லீனா அந்தக்கா
எங்கீங்க வந்து விழுவாங்க?”