வட்டக் கையெழுத்து

ஞாயிற்றுக்கிழமை, முதல் பீரியட்.
ரூவியைச் சுற்றிய மலைகள்
ஏழு மணிக்கே அடுப்புக்கல்லாகக் காய்ந்திருக்க
பதினொன்றாம் வகுப்புக்குச் சமத்துவம் நடத்துகிறேன்.
பத்தொன்பது வருடமாக இதே பாடம்.
புத்தகம்தான் நாலு முறை அட்டை மாற்றிக்கொண்டது.

"மிஸ், நீங்க கடைசியா எப்ப ஓட்டுப் போட்டீங்க?"
ஃபர்ஹானா கேட்டாள். பின்வரிசை நிமிர்ந்தது.
விரலைப் பார்த்தேன்.
சாக்பீஸ் தூள்.
"இது பரீட்சைக்கு வராது" என்றேன்.
சிரித்தார்கள். நானும்.

ஜெராக்ஸ் அறையில்தான் அது கிடைத்தது.
யாரோ எடுக்க மறந்த சம்பளச் சீட்டு,
கண்ணாடிமேல் கவிழ்ந்து, சூடு ஆறாமல்.
என் பாடம். என் அளவு வகுப்புகள்.
அனுபவம் என்னைவிட ஆறு வருடம் குறைவு,
ரியால் நூற்றி நாற்பது கூடுதல்.
தனபாலன் நல்லவர்தான்,
என் கேள்வித்தாளில் பிழை பார்த்துக் கொடுப்பவர்.
சீட்டை மடித்து அவர் மேசை இழுப்பறையில் வைத்தேன்.

கணக்கர் தலை தூக்காமல் சொன்னார்:
அவர் பள்ளி விசா, நீங்கள் கணவர் விசா.
"வாடகை உங்க வீட்டுக்காரர்தானே கட்டுறார் மேடம்?"
கட்டுகிறார்தான்.
அதற்கும் அடிப்படை உரிமைகளை நான் நடத்துவதற்கும்
என்ன உறவு என்று கேட்கத் தோன்றியபோது
மூன்று மாடி இறங்கியிருந்தேன்.

வெள்ளிக்கிழமை மாலை, வாதி கபீரில் ஷைனியின் வீடு.
பிள்ளைகளைக் கார்ட்டூன் முன்னால் உட்காரவைத்துவிட்டு
பதினோரு பேர். எல்லோரும் கணவர் விசா.
மனு தயார். முதல் பெயர்தான் யாருக்கும் வேண்டாம்.
முதல் பெயரைத்தான் முதலில் ஊருக்கு அனுப்புவார்கள்.
கணக்கு டீச்சர் சஃபூரா
எவர்சில்வர் தட்டைக் காகிதத்தில் கவிழ்த்து
பேனாவால் சுற்றி வந்தாள்.
"வட்டத்துக்கு ஏது முதல் புள்ளி? இதுல போடுங்க."
ஒருத்தி கணவனைக் கேட்க பால்கனிக்குப் போனாள்.
நெடுநேரம் கழித்து வந்தாள்.
அவன் என்ன சொன்னான் என்று சொல்லாமலே
கையெழுத்துப் போட்டாள்.

மறுவாரம், ஒன்பதாம் நம்பர் பஸ்.
பிள்ளைகளை எண்ணி ஏற்றும் குருசம்மாள்
எண்ணிக்கையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்:
"மனு குடுக்கீயளாமே டீச்சர்,
அதுல நாங்க உண்டா?"

பையில்தான் இருந்தது மனு.
அனைவரும் என்று ஆறு இடத்தில் எழுதியிருந்தேன்.

காலை ட்ரிப்புக்கும் மதிய ட்ரிப்புக்கும் நடுவே
ஐந்து மணி நேரம்
ஏசி அணைத்த பஸ்ஸுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பார்களாம்.
டீசல் மிச்சம்.
ஸ்டாஃப் ரூமின் குளிரில்
எனக்கு இது பத்தொன்பது வருடமாகத் தெரியாது.
தெரியாது என்பதுகூடச் சரியில்லை.
ஜன்னல் அந்தப் பக்கம்தான்.

திருத்தி எழுதினேன். இரண்டு பேர் விலகினார்கள்.
"ஆயாக்களைச் சேர்த்தா நம்ம மனுவை யார் மதிப்பா?"
வட்டத்தில் இரண்டு இடம் வெள்ளை மை பூசிக்கொண்டது.
சஃபூரா பெரிய தட்டாகத் தேடி
வெளியே இன்னொரு வட்டம் போட்டாள்.
அதில் ஆறு பெயர். ஒன்று பெருவிரல் ரேகை.
அவள் கையைப் பிடித்து மைப்பெட்டியில் அழுத்தியபோது
என் விரலிலும் ஊதா ஒட்டியது.
சோப்புப் போட்டும் மூன்று நாள் போகவில்லை.
நான் ரொம்பத் தேய்க்கவுமில்லை.

முடிவு என்று சொல்ல வேண்டுமானால்:
கணவர் விசாவுக்கு முப்பது ரியால், கருணை அடிப்படையில்.
உரிமை என்ற சொல்லை
அவர்கள் பதிலில் எங்கேயும் காணோம்.
இரண்டு வருடமாக இருந்த என் ஒப்பந்தம் இப்போது ஒரு வருடம்.
காவலாளி கூண்டுக்குப் பக்கத்தில்
ஆயாக்களுக்கு ஓர் அறை. நாற்காலி நாலு, ஆள் ஆறு.

இன்று இடைவேளையில்
குருசம்மாள் ஸ்டாஃப் ரூம் கதவைத் தட்டினாள்.
இத்தனை வருடத்தில் முதல் தடவை.
நெற்றியில் வேர்வை.
"அங்கன ஃபேன் சுத்தல டீச்சர்.
இன்னொரு தாள் இருக்கா?"