வீட்டுக்கு ஒரு சுண்டு

சீமெந்துக்குத் தடை இருந்த காலம்.
அக்கராயனில், எங்கள் ஒழுங்கை முகப்பில்,
தவசீலனுக்கு ஒரு நினைவுக்கல் கட்டவேணும் என்றார்கள்.
நான் மேசன்.
கரண்டி இருந்தது, மட்டக்கோல் இருந்தது,
சீமெந்துதான் இல்லை.

மலசலகூடம் கட்டவென்று
நிறுவனம் கொடுத்ததில்
பையின் அடியில் கிடந்ததை
வீட்டுக்கு ஒரு சுண்டு அளந்து தந்தார்கள்.
அரிசி அளக்கிற அதே சுண்டு.
தலைதட்டி அளந்தவர்கள் உண்டு,
கும்பியாய்ப் போட்டவர்களும் உண்டு.
கட்டிபட்டுப்போனதைத் தந்துவிட்டு
முகம் பாராமல் போனார்
சங்கக்கடை மனேச்சர்.

மங்களேஸ்வரி தரவில்லை.
மூத்தவனை இரவோடிரவாய்
வவுனியாவுக்குக் கடத்திவிட்டவ.
அதற்காக ஒழுங்கை அவவோடு
கதைப்பதை விட்டிருந்தது.
"சீமெந்து இல்லைத் தம்பி.
தண்ணி வேணுமெண்டா அள்ளு."
கிட்டக் கிணறு அவவுடையதுதான்.
பதினொரு வாளி அள்ளினேன்.

உண்மையைச் சொன்னால்
எனக்கு அவனைப் பெரிதாய்ப் பிடிக்காது.
என் சைக்கிளை இரவல் வாங்கிப்போய்
முன் றிம்மை வளைத்துக் கொண்டுவந்தவன்.
"நாளைக்குச் செய்து தாறன் அண்ணை."
அந்த நாளை விடியமுன்
இயக்கத்துக்குப் போய்விட்டான்.

மாங்குளத்துக்கு அங்காலிருந்து வந்த பெட்டியைத்
திறக்கவேண்டாம் என்றார்கள்.
தகப்பன் ஒரு பக்கம் தூக்கிப் பார்த்தார்.
பாரம் காணாது என்றார்.

பிறகு பெயரில் பிரச்சினை.
இயக்கப் பெயர் பெரிதாய்,
வீட்டுப் பெயர் அடைப்புக்குள்.
அதுதான் வழமை.
தாய் பரிமளகாந்தி கேட்டா:
"எழிற்கோ ஆர்? நான் பெறேல்லையே அவனை."
ஒருவரும் வாய் திறக்கவில்லை.
இரண்டையும் ஒரே உயரத்தில் எழுதினோம்.
பெயின்ற் ஏது?
செத்த பற்றரிகளை உடைத்து
கரியை வேப்பெண்ணெயில் குழைத்தது.
முதல் மாரியிலேயே கரைந்தது.
எழுதினோம்.
அடுத்த மாரியிலும் கரைந்தது.

கட்டின அன்று, ஈரம் காயமுன்,
அடிப்படியின் குறுக்கே
ஒரு கோழி நடந்து போனது.
ஏழு அடி.
மெழுகிவிடக் கரண்டியை எடுத்தேன்.
தங்கைக்காரி சிரித்துவிட்டாள்,
சிரித்ததற்குப் பயந்து வாயைப் பொத்தினாள்.
நான் கரண்டியைக் கழுவி வைத்தேன்.

முகாமிலிருந்து திரும்பி வந்தபோது
ஒழுங்கை முகப்பு வெறும் தரை.
மட்டக்கோல் வைத்துப் பார்த்தேன்,
ஒரு நூல் பிசகில்லை.
புல்டோசர்காரன் நல்ல வேலைகாரன்.

பரிமளகாந்தி வரவில்லை. தங்கையும்.
பொக்கணையில் கண்டதாக ஒருவர் சொன்னார்,
பிறகு அவரே
அது வேற ஆக்கள் என்றார்.

மதகு கட்டுகிற கொந்தராத்தில்
கல்லுப் பொறுக்கப் போன இடத்தில்
வாய்க்காலுக்குள் குப்புறக் கிடந்தது ஒரு துண்டு.
புரட்டினேன்.
மூன்று அடி. நாலாவதில் பாதி.

சாக்கால் மூடி, சைக்கிள் கரியரில் கட்டி,
எங்கே கொண்டுபோவதென்று தெரியாமல்
மங்களேஸ்வரியின் படலையில் நின்றேன்.
சாக்கை விலக்கிப் பார்த்தா.
"கிணத்தடியில போடு.
உடுப்புத் தோய்க்க எனக்கொரு கல்லு வேணும்."
ஏழு வருசமாய் அங்கே கிடக்கிறது.
உடுப்பைப் பக்கத்துக் கட்டில்தான் தோய்க்கிறா.

கார்த்திகைக் கடைசியில்
மோட்டார்சைக்கிளில் இரண்டு பேர் வந்தார்கள்.
வளவைச் சுற்றினார்கள்.
ஒருவன் குனிந்து
அடையாளத்தில் விரல் வைத்தான்.
"இது யாருடையது?"
"கோழியின்ர, சேர்."
அவர்கள் சிரிக்கவில்லை.
கொப்பியில் எதையோ எழுதிக்கொண்டு போனார்கள்.

அன்றிரவு நல்ல மழை.
நித்திரை வராமல் கணக்குப் பார்த்தேன்.
சீமெந்து பதினேழு சுண்டு.
தண்ணீர் பதினொரு வாளி.
கூலி வாங்கவில்லை.
றிம் ஒன்று, திருத்தித் தரவேணும்.
சைக்கிள் வலைஞர்மடத்தோடு போய்விட்டது;
இருந்தாலும்
அவன் பக்கத்தில் அது பாக்கிதான்.