ஓ.டி.பி. வரும்வரை

எங்கள் தெருவில் இரண்டு கேட்டில்
வேப்பிலை செருகியிருக்கிறது.
மூன்றாவது கேட் எங்களுடையது.

மணி பதினொன்றே கால்.
விடிந்தால் பீளமேட்டிலிருந்து விமானம்.
ஹாலில் பெட்டிமேல் பெட்டியாய் நிற்கிறது சிங்கப்பூர்:
நாத்தனார் கேட்ட அரப்புத்தூள்,
அவள் வீட்டுக்காரருக்குக் கொள்ளுப் பொடி,
எடை பார்த்து, எடுத்து, மறுபடி வைத்து,
இன்னும் ஜிப் போடாமல்.
யது சோபாவிலேயே தூங்கிவிட்டான்,
சாப்பிடாமல்.

சாப்பிடாமல் என்பது
இப்போது சொல்லும்போதுதான் எனக்கே கேட்கிறது.

சாயங்காலம் வகுப்புக் குழுவில் மிஸ் போட்டிருந்தாள்:
யு.கே.ஜி. 'பி'யில் நாளைக்கும் பதினொரு பேர் லீவு,
கொப்புளம் கண்டால் அனுப்ப வேண்டாம்,
கும்பிடும் கை ஒன்று, பூங்கொத்து ஒன்று.
அதைப் படித்த பிறகுதான்
இன்சூரன்ஸ் ஞாபகம் வந்தது எனக்கு.

எனக்கு!
பதினாலு வருஷமாய்
பனியன் கிளம்பும் முன்னால்
அதற்குப் பாலிசி எடுப்பதுதான் என் சோறு.
தூத்துக்குடி லாரியில் அட்டைப்பெட்டி ஏறுமுன்
நாற்பதாயிரம் பீஸுக்கும்
மழைக்கு, தீக்கு, கவிழும் கிரேனுக்கு, கடல்கொள்ளைக்கு.
ஒருமுறை முதலாளியிடமே சொல்லியிருக்கிறேன்,
"கப்பல்ல தண்ணி ஏறுன பொறவு பாலிசி குடுக்கறதுக்கு
அவன் என்னங்க, நமக்கு மாமன் மச்சானா?"

"சித்தெ இருங்க. தொடாதீங்க அவனை."
போர்வையை இழுத்துவிடப் போன அர்த்தநாரியின் கை
பாதியில் நின்றது.
"ஏன்?"
"அப்பறம் சொல்றேன்."

சோபாவின் காலடியில் உட்கார்ந்திருக்கிறேன்.
போன் கேட்கிறது:
பயணிகளில் எவருக்கேனும்
தற்போது நோய் அறிகுறி உள்ளதா?
ஆம். இல்லை.
இரண்டு வட்டம், இரண்டும் ஒரே அளவு.
தற்போது என்ற சொல்லை
இவ்வளவு நேரம் நான் பார்த்ததே இல்லை.
நெற்றியில் கை வைத்தால் தற்போது தொடங்கிவிடும்.
வைக்காதவரை
அவன் விளையாடிக் களைத்த பிள்ளை,
நான் பொய் சொல்லாத அம்மா.
இல்லை என்பதைத் தொட்டேன்.

பாஸ்போர்ட் எண். பிறந்த தேதி.
அடுத்த கட்டத்தில், வாரிசுதாரர் பெயர்.
அஞ்சு வயசுக்காரனுக்கு வாரிசு.
அவன் சொத்து ஒரு ஜே.சி.பி. பொம்மை,
அதிலும் ஒரு சக்கரம் இல்லை.
என் பெயரை அடித்தேன். உறவு: தாய்.
இரண்டே எழுத்து,
மூன்று தடவை தப்பாய் விழுந்தது.

ஓ.டி.பி. அனுப்பப்பட்டது என்றது. வரவில்லை.
பக்கத்து நிட்டிங் யூனிட்டில்
ராத்திரி ஷிஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது.
தெர்மாமீட்டர் எந்த டிராயரில் என்று
எங்கள் இருவருக்குமே தெரியும்;
இருவருமே அந்தப் பக்கம் பார்க்கவில்லை.
மூன்று டிக்கெட், பணம் திரும்பாத வகை.
கம்பெனி பாவம்,
எங்கள் தெருவுக்குள் வந்து
வேப்பிலை படிக்க அதற்குத் தெரியாது.
எனக்குத் தெரியும்.

அப்போதுதான் யது புரண்டான்.
யாரும் கூப்பிடாமலே
அவன் கன்னம் என் முழங்கையில் வந்து விழுந்தது,
இஸ்திரி மேசையிலிருந்து
மடிக்க எடுத்த பனியன்போல.
காய்ச்சலா, தூங்கும் பிள்ளையின் சூடா,
ஃபேன் எட்டாத மூலையா?
பனியன் என்றால் சொல்லிவிடுவேன்.

போன் துள்ளியது. ஆறு எண்.
அர்த்தநாரி படித்தார்: "எட்டு, ரெண்டு, ரெண்டு..."
மூன்றைப் போட்ட விரல்
நான்காவதற்கு மேல் நின்றுகொண்டது.
மேலே நொடிகள் இறங்கிக்கொண்டிருந்தன,
நூற்றிப் பத்து, நூற்றி ஒன்பது.
முழங்கையை எடுக்க எனக்கு மனசில்லை.

"ஏனுங்க," என்றேன்,
"நீங்களும் ஒருக்கா தொட்டுப் பாருங்க."