இடக்கைப் பெருவிரல்

சுங்கை டுவா நாசி கண்டார் கடை.
இரவு ஒன்றேமுக்கால்.
வலக்கை குழம்பில்.
இடக்கைக்கு வேலையில்லை என்பதால்
மடிக்கணினியை அதனிடம் விட்டிருக்கிறேன்.

திரையில், போன பங்குனியில்
ஒரு விண்கலம் கடந்துபோன நாற்பது நிமிடம்.
காந்தப்புலம்: மூன்று பத்தி எண்கள்,
நொடிக்கு அறுபத்துநான்கு வரி.
காற்று இல்லாத அந்த இடத்தில் அலை என்பது
நானோடெஸ்லாவில் ஒரு நடுக்கம்.

திங்கட்கிழமை இதே கோப்பில்
அடிக்கோல் வைத்து வரைந்தாற்போல் ஒன்று கண்டேன்.
ஹுவே செங்குக்கு உடனே அனுப்பினேன்:
கிடைச்சிருச்சு!
அவன் பதில் ஒரே வரி.
உன் கலம் எத்தனை நொடிக்கு ஒருதரம் சுழலும்?

பதினோரு நொடி.
அலைக்கும் பதினோரு நொடி.

தன் தலைச்சுற்றலையே
வானத்தின் சேதி என்று எழுதி அனுப்பியிருக்கிறது, பாவம்.
நம்பியது நான்.

இதற்காகத்தான் காந்தமானியை
நீளக் கம்பத்தின் நுனியில் கட்டி
உடம்பைவிட்டுத் தள்ளிப் பிடிக்கிறார்கள்,
நெரிசல் பேருந்தில் ஈரக் குடையைப் பிடிப்பதுபோல.
இருந்தும் சொட்டுகிறது.

நான்கு நாளாய்க் கழித்துக்கொண்டிருந்தேன்.
சுழற்சியை. அதன் மடங்குகளை.
ஹீட்டர் ஒன்று விழித்துக்கொண்ட நொடியை.
பாலத்தில் மழை இறங்கி, ஏறி, மறுபடி இறங்கியது.
படம் வெளுத்துக்கொண்டே போனது.

இன்று மிச்சத்தில்
ஒரு கறை.
நேர்க்கோடு கிடையாது. சரிகிறது.
கலம் விலக விலகப் புலம் மெலிய,
அதிர்வெண்ணும் கூடவே இறங்குகிறது,
இருட்டில் படி தேடி இறங்குகிறவரைப் போல.

இனி ஒன்றுதான் பாக்கி: எந்தப் பக்கம் சுற்றுகிறது?
அசைவு மிகக் குறைந்த திசையிலிருந்து
அம்புமுனையைப் புள்ளி புள்ளியாய்த் தொடர்ந்தேன்.
பெருவிரல் புலத்தின் திசையில் நிற்க வேண்டும்,
மற்ற விரல்கள் சுழலும் பக்கம் மடிய வேண்டும்.
வலக்கை சோற்றில் இருந்தது.
எழும்பியது இடக்கை.

பொருந்திவிட்டது.
அங்கே புரோட்டான்கள் சுற்றும் அதே பக்கம்.
இன்னொருமுறை பார்த்தேன்.
பொருந்தித்தான் இருந்தது.

தூக்கிய விரலை இறக்க மறந்துபோனேன்.
கல்லாவிலிருந்து சாகுல் ஹமீது தலையாட்டி
உள்ளே குரல் கொடுத்தார்,
"அக்காவுக்கு இன்னொரு தே!"

கேட்காமல் வந்த கண்ணாடிக் குவளை.
மேலே நுரை
மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது.
குனிந்து பார்த்தேன்.
வலப்பக்கம்.
குடித்தேன்.