நாலு விரல்

வவுனிக்குளம், இடதுகரை வாய்க்கால், காலை ஆறேமுக்கால்.
இருநூறு மீற்றரில் இணைப்பு அறுந்தது,
மூன்றாம் தரம்.
ட்ரோன் தானாகத் திரும்பி வந்து
வரப்பில் குந்தியது,
பிழை எங்களில்தான் என்பதுபோல.

டிலக்சன் ஒவ்வொன்றாய் அணைத்துப் பார்த்தான்.
கமராவை. அறுந்தது.
வீடியோ அனுப்பியை. அறுந்தது.
பிறகு கவிழ்த்து வைத்து வயிற்றைப் பார்த்தோம்:
நானூற்று முப்பத்துமூன்றில் பேசும் ரேடியோ ஒன்று,
அதே நானூற்று முப்பத்துமூன்றில் இன்னொன்று,
நடுவில் நாலு விரல்.

"ஒண்டு கத்தேக்க மற்றதுக்குக் காதடைக்குது, அக்கா.
நீங்கள் இஞ்சயிருந்து கூப்பிடுறது
அதுக்கெங்க கேக்கிறது?"

குளத்து மீன்காரரிடம் தூண்டில் தடி வாங்கி
ஒரு சாண் முறித்து
அன்ரனாவை வால்பக்கம் தள்ளிக் கட்டினோம், கறுப்பு ரேப் சுற்றி.
அந்த அவசரத்தில்
ஒன்றின் அலைவரிசையையும் மாற்றிவிட்டேன்.
ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்று என்று
என் கொப்பியின் முதல் பக்கத்தில் இருக்கிறது.
எது பலித்தது என்று இனித் தெரியப்போவதில்லை.

ஆறாம் தரம் அறவில்லை.
எண்ணூறு, தொள்ளாயிரம்,
பாலைமரத்துக்கும் அப்பால்.
எண்கள் விக்காமல் வந்துகொண்டிருந்தன.
டிலக்சன் விசிலடித்தான்.

காணிக்காரர் அருமைத்துரையைத் தேடினேன், காட்டலாமென்று.
வண்டாய் இரைந்து அது எழும்பும் ஒவ்வொரு தரமும்
மண்வெட்டியோடு வாய்க்காலுக்குள் இறங்கி
குனிந்து நிற்பார்.
"தண்ணி வருதோ எண்டு பாக்கிறன், பிள்ளை."
இப்போதும் அங்கேதான்.
பிடரி மட்டும் தெரிந்தது.

துருசு திறப்பது வியாழக்கிழமை.
அன்று செவ்வாய்.